மாநாடா, பயிலரங்கா, இணையப் படிப்பா: பள்ளி நூலகரும் வாசிப்பு ஆசிரியரும் எதில் நேரம் போடலாம்?

வருடத்துக்கு ஒருமுறையாவது இந்தக் கேள்வி வந்துவிடும். பயிற்சிக்கென்று கொஞ்சம் நேரமும் கொஞ்சம் பணமும் இருக்கிறது, எதில் போடுவது? ஒரு பக்கம் இரண்டு நாள் மாநாட்டு அழைப்பு, இன்னொரு பக்கம் சனிக்கிழமைப் பயிலரங்கு, மின்னஞ்சலைத் திறந்தால் வரிசையாக வெபினார்கள், சான்றிதழ் தரும் இணையப் படிப்பு, ஒரு வருடப் பட்டயம். எல்லாமே 'தொழில்முறை மேம்பாடு' என்ற ஒரே பெயரில் வருவதால், ஒன்று கிடைக்காவிட்டால் இன்னொன்று என்று மாற்றிக்கொள்ளலாம் போலத் தோன்றும். ஆனால் ஒவ்வொன்றும் வேறு வேறு வேலைக்கானது. சில, எந்த வேலைக்குமே ஆகாதவை.

இதை எடைபோட நான் இரண்டு கேள்விகளைத்தான் பயன்படுத்துகிறேன். கற்றதை நீங்கள் செய்துபார்க்கும்போது யாராவது பக்கத்தில் இருந்து கவனிப்பார்களா? அப்புறம், உங்கள் பள்ளியில் உங்கள் வேலையையே செய்கிற இன்னொருவர் இருக்கிறாரா? முதல் கேள்வி பயிற்சியின் தரத்தைக் காட்டிக்கொடுத்துவிடும். இரண்டாவது கேள்வியில்தான் நூலகரும் வாசிப்பு கற்பிக்கும் ஆசிரியரும் பிரிகிறார்கள். இருவரையும் ஒரே அரங்கில் உட்காரவைத்து ஒரே பயிற்சியைக் கொடுத்துவிட்டு, நூலகர்கள் ஏன் பின்வரிசையில் போனைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள் என்று கேட்பதில் பொருளில்லை.

நூலகர் தனி ஆள்

இரண்டாம் வகுப்பில் நான்கு பிரிவுகள் இருந்தால் வாசிப்பு கற்பிப்பவர்கள் நான்கு பேர். ஒருவருக்கு ஒரு பாடம் சரியாகப் போகவில்லை என்றால் பக்கத்து வகுப்பில் எட்டிப்பார்க்கலாம், ஆசிரியர் அறையில் புலம்பலாம், யாராவது 'நான் இப்படிச் செய்தேன்' என்பார்கள். நூலகருக்கு அந்த வசதி கிடையாது. பெரும்பாலான பள்ளிகளில் அவர் ஒருவர்தான். நூல் தேர்வு, பட்டியலாக்கம், பழைய நூல்களைக் கழிப்பது, மென்பொருளோடு மல்லுக்கட்டுவது, நூலக வகுப்பு எடுப்பது, எந்தப் புத்தகமும் பிடிக்காது என்கிற பிள்ளைக்கு ஒன்றைத் தேடிப்பிடித்துக் கொடுப்பது, இதற்கு நடுவில் ஆசிரியர் வராத வகுப்பையும் பார்த்துக்கொள்வது (இது எந்தப் பணி விவரத்திலும் எழுதியிருக்காது). இதில் எதைத் தவறாகச் செய்கிறோம் என்று சொல்ல அந்தக் கட்டடத்தில் வேறு ஆள் இல்லை.

நூலகச் சங்கங்களின் உலகக் கூட்டமைப்பான இஃப்லா 2015இல் வெளியிட்ட பள்ளி நூலக வழிகாட்டு நெறிகளின் இரண்டாம் பதிப்பு, நூலகரின் கற்பித்தல் பணிகளை ஐந்தாகச் சொல்கிறது: எழுத்தறிவும் வாசிப்பு ஊக்கமும், ஊடக மற்றும் தகவல் அறிவு, தேடிக் கற்றல், தொழில்நுட்பத்தைக் கற்பித்தலோடு இணைப்பது, ஆசிரியர்களின் தொழில்முறை மேம்பாடு. ஐந்தாவதைக் கவனியுங்கள். பயிற்சி பெறுகிறவராக மட்டும் நாம் நினைக்கிற நூலகர், அந்த ஆவணத்தின்படி பயிற்சி கொடுக்கிறவரும்கூட. அப்படியானால் அவர் எதைத் தேர்ந்தெடுக்கிறார் என்பது அவரோடு நிற்காமல் பள்ளி முழுக்கப் போகிற விஷயம்.

ஒரு நாள் பயிலரங்கு

எல்லோருக்கும் பழக்கமானது, ஏற்பாடு செய்யச் சுலபமானது, கணக்கில் காட்ட வசதியானது. காலையில் அறிமுகம், நடுவில் குழுச் செயல்பாடு, மாலையில் கருத்துப் படிவம். படிவத்தில் 'மிகவும் பயனுள்ளதாக இருந்தது' என்று எல்லோரும் டிக் அடித்துவிட்டுப் போவார்கள்.

ஆய்வுகள் இதைப் பற்றி அவ்வளவு அன்பாகப் பேசுவதில்லை. 2007இல் யூன் என்பவரும் அவர் குழுவினரும், ஆசிரியர் பயிற்சி பிள்ளைகளின் கற்றலை எப்படிப் பாதிக்கிறது என்று 1,300க்கும் மேற்பட்ட ஆய்வுகளைத் துழாவினார்கள். முறையாகச் செய்யப்பட்டவை என்று தேறியவை 9 மட்டுமே. அந்த ஒன்பதில், சராசரியாக 49 மணி நேரப் பயிற்சி பெற்ற ஆசிரியர்களின் பிள்ளைகளிடம் நல்ல முன்னேற்றம் தெரிந்தது. 14 மணி நேரமோ அதற்குக் குறைவாகவோ பயிற்சி இருந்த இடங்களில் சொல்லும்படியான மாற்றம் இல்லை. ஒன்பது ஆய்வை வைத்து உலகத்துக்கே சட்டம் போட முடியாது என்பது உண்மைதான். ஆனால் ஆறு மணி நேரப் பயிலரங்கில் ஒருவரின் கற்பிக்கும் முறை மாறிவிடும் என்று நம்புகிறவர்கள் தங்கள் பக்கத்துக்கு ஏதாவது ஆதாரம் காட்ட வேண்டும் அல்லவா?

அதற்காக ஒரு நாள் பயிலரங்கே வேண்டாம் என்று சொல்ல மாட்டேன். செய்முறை தெளிவாக இருக்கிற, ஒருமுறை கற்றால் கையில் நின்றுவிடுகிற வேலைகளுக்கு அது போதும். புதிய நூலக மென்பொருள், பார்கோடு ஒட்டும் முறை, கிழிந்த நூலைச் சரிசெய்வது, பட்டியலாக்க விதியில் வந்த மாற்றம், இதற்கெல்லாம் அரை நாள்கூடப் போதும். நூல் கழிப்புக்கும் ஓரளவு பொருந்தும். எது தவறான தகவல், எது பாழாகிப்போனது, எதற்குப் புதிய பதிப்பு வந்துவிட்டது, எதை வருடக்கணக்கில் யாரும் தொடவில்லை என்று பார்க்கிற அளவுகோல்களை ஒரு மணி நேரத்தில் சொல்லிக்கொடுத்துவிடலாம். ஆனால் அலமாரி முன்னால் நின்று ஒரு புத்தகத்தைக் கையில் எடுத்து 'இது போகட்டும்' என்று சொல்கிற துணிச்சலை அங்கே கற்றுத்தர முடியாது. அதற்கு இன்னொரு நூலகர் பக்கத்தில் நிற்க வேண்டும்.

ஆகவே, செய்முறை என்றால் பயிலரங்கு, முடிவெடுக்கிற திறன் என்றால் வேறு வழி. திணறுகிற பிள்ளைக்கு வாசிக்கக் கற்றுக்கொடுப்பது முழுக்க இரண்டாம் வகை.

இணையப் படிப்பும் வெபினாரும்

சேர்வது சுலபம், முடிப்பதுதான் இல்லை. ஹார்வர்டும் எம்ஐடியும் எட்எக்ஸ் தளத்தில் நடத்திய திறந்த இணையப் படிப்புகளின் தரவை வைத்து 2019இல் வந்த ஆய்வு ஒன்றில், 2017-18ஆம் ஆண்டில் சேர்ந்தவர்களில் படிப்பை முடித்தவர்கள் 3.13 சதவீதம். கட்டணம் கட்டிச் சான்றிதழ் வழியில் சேர்ந்தவர்களைத் தனியாக எடுத்தால் 46 சதவீதம். கட்டணம் கட்டியதால்தான் முடித்தார்கள் என்று இதிலிருந்து சொல்லிவிட முடியாது, முடிக்கிற எண்ணம் உள்ளவர்கள்தான் கட்டணமே கட்டியிருப்பார்கள். இருந்தாலும் 'இலவசம்தானே, சேர்ந்துவைப்போம்' என்று ஐந்து படிப்பில் பெயர் கொடுப்பவர்கள் இந்த எண்ணை ஒருமுறை பார்த்துக்கொள்வது நல்லது.

வெபினாரைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. தகவல் தெரிந்துகொள்ள நல்லது. சமையல் செய்துகொண்டே கேட்கலாம். அதைப் பயிற்சி நேரமாகக் கணக்குக் காட்டுவது உங்களுக்கும் உங்கள் மனச்சாட்சிக்கும் இடையிலான விவகாரம்.

இணையவழியில் எனக்குப் பிடித்த வடிவம் வேறு. 2006இல் அமெரிக்காவின் சார்லட் நகரப் பொது நூலகத்தில் ஹெலீன் பிளோவர்ஸ் என்பவர் தம் நூலகப் பணியாளர்களுக்காக ஒரு திட்டம் போட்டார். 23 சின்னச் சின்ன வேலைகள், ஒன்பது வாரம். ஒரு வலைப்பதிவு தொடங்கு, ஒரு படத்தைப் பதிவேற்று, இப்படி. ஒவ்வொன்றையும் தானே செய்துபார்த்து, என்ன நடந்தது என்று எழுத வேண்டும். விரிவுரை கிடையாது. '23 விஷயங்கள்' என்ற பெயரில் பல நாடுகளின் நூலகங்கள் இதை எடுத்துத் தங்களுக்கு ஏற்ப மாற்றிக்கொண்டன. அந்தத் தொழில்நுட்பங்களில் பாதி இன்று காணாமல் போய்விட்டது, ஆனால் வடிவம் பழசாகவில்லை: வேலை சின்னது, வேலையிடத்திலேயே செய்வது, செய்ததை எழுதிக் காட்டுவது, மற்றவர்களும் அதே வாரம் அதையே செய்துகொண்டிருப்பது. இதே போல ஒரு பள்ளி நூலகர் குழு, 'எட்டு வாரத்தில் எட்டு வேலை' என்று தங்களுக்கே ஒன்றைப் போட்டுக்கொள்ளலாம், யாரிடமும் அனுமதி கேட்க வேண்டியதில்லை.

இணையப் படிப்பில் சேருமுன் ஒன்றே ஒன்றைக் கேளுங்கள்: நான் எழுதி அனுப்புவதை ஒரு மனிதர் படித்துப் பதில் சொல்வாரா? சொல்வார் என்றால் சேரலாம். தானாகத் திருத்திக்கொள்ளும் கேள்வித்தாள் மட்டும்தான் என்றால், அதே நேரத்தில் ஒரு நல்ல நூலை எடுத்துக் குறிப்பெழுதிப் படிப்பது மேல்.

மாநாடு

மாநாட்டின் உரைகளுக்காகப் போகிறேன் என்று சொல்பவர்களை நான் நம்புவதில்லை. உரைகள் பெரும்பாலும் பிறகு எழுத்தாகவோ காணொளியாகவோ கிடைத்துவிடும். போக வேண்டிய காரணம் நடைபாதை. தனி ஆளாக வேலை செய்கிற நூலகருக்கு, தன் பிரச்சினையைச் சொன்னதும் 'ஆமாம், எனக்கும் அப்படித்தான்' என்று சொல்கிற நூறு பேர் ஒரே இடத்தில் கிடைப்பது அங்கேதான். 1971இல் தொடங்கிய பள்ளி நூலகர்களின் பன்னாட்டுச் சங்கமான ஐஏஎஸ்எல் நடத்தும் மாநாடுகளாகட்டும், இஃப்லாவின் உலக மாநாடாகட்டும், அதற்கான கூட்டம் சேரும் இடங்கள். ஆனால் செலவும் பயணமும் அதிகம், பேசுகிற பள்ளிகளின் வசதியும் உங்கள் பள்ளியின் வசதியும் ஒன்றாக இருக்காது. மூன்று பேர் வேலை செய்கிற நூலகத்தின் வெற்றிக் கதையைக் கேட்டுவிட்டு வந்து தனி ஆளாக அதைச் செய்யப் பார்த்தால் சோர்வுதான் மிஞ்சும்.

இதற்கு மலிவான மாற்று, நிகழ்ச்சி நிரலே இல்லாத கூட்டம். 2006இல் ஸ்காட்லாந்தில் தொடங்கிய டீச்மீட், 2010இல் ஃபிலடெல்ஃபியாவில் தொடங்கிய எட்கேம்ப் இரண்டும் இந்த வகை. எட்கேம்பில் அன்று காலை வந்தவர்களே தலைப்புகளைப் பலகையில் எழுதுவார்கள், பிடிக்காத அமர்விலிருந்து யாரும் எழுந்து இன்னொன்றுக்குப் போகலாம், அதைத் தவறாக எடுத்துக்கொள்ள மாட்டார்கள். மேடையில் ஒருவர், கீழே முந்நூறு பேர் என்ற ஏற்பாட்டைவிட இது பள்ளி நூலகருக்கு அதிகம் கொடுக்கும் என்பது என் எண்ணம். வாசிப்பு ஆசிரியருக்கு மாநாடு அவ்வளவு அவசரமில்லை. அவருக்குப் பேச ஆள் பக்கத்திலேயே இருக்கிறது, தேவைப்படுவது கவனிக்க ஆள்.

வகுப்பறைக்குள் வரும் வழிகாட்டி

ஆதாரம் அதிகம் இருப்பது இந்த வழிக்குத்தான். விளக்கம், செய்துகாட்டல், பயிற்சி, கருத்து இவற்றோடு நிறுத்திவிட்டால் கற்றது வகுப்பறைக்குப் போய்ச் சேராது, அதன் பிறகும் ஒருவர் கூட இருந்து வழிகாட்ட வேண்டும் என்று புரூஸ் ஜாய்ஸும் பெவர்லி ஷவர்ஸும் 1980களின் தொடக்கத்திலேயே சொல்லிவிட்டார்கள். 2018இல் கிராஃப்ட், பிளேசர், ஹோகன் மூவரும் இப்படிப்பட்ட திட்டங்களைப் பற்றிய 60 ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்தபோது, கற்பிக்கும் முறையில் 0.49 திட்டவிலக்க (சராசரியிலிருந்து ஆட்கள் எவ்வளவு விலகிப் பரவியிருக்கிறார்கள் என்பதை அளக்கும் அலகு) அளவுக்கும், பிள்ளைகளின் தேர்ச்சியில் 0.18 அளவுக்கும் முன்னேற்றம் தெரிந்தது. கல்வி ஆய்வில் இவை நல்ல எண்கள்.

அதே ஆய்வில் இன்னொன்றும் இருக்கிறது, திட்டம் நடத்துகிறவர்கள் இதை மேடையில் சொல்வதில்லை. திட்டம் பெரிதாகப் பெரிதாகப் பலன் குறைகிறது. நூற்றுக்கும் குறைவான ஆசிரியர்களோடு நடந்தபோது கிடைத்த அளவு, பெரிய திட்டங்களில் கிடைக்கவில்லை. காரணத்தை யூகிப்பது கடினமில்லை: பத்துப் பேருக்கு நல்ல வழிகாட்டி ஒருவர் கிடைப்பார், ஆயிரம் பேருக்கு நூறு நல்ல வழிகாட்டிகளை எங்கே தேடுவது?

இதற்கு நேர் எதிரான சான்றும் உண்டு, அதை மறைத்துவிட்டு ஒப்பீடு எழுதுவது நியாயமில்லை. 2008இல் அமெரிக்காவில் காரெட்டும் குழுவினரும் 90 பள்ளிகளில், 270 இரண்டாம் வகுப்பு ஆசிரியர்களிடம், வாசிப்பு கற்பித்தல் பற்றிய பயிற்சியைச் சோதித்தார்கள். ஒரு பிரிவுக்கு 48 மணி நேரப் பயிற்சி, இன்னொரு பிரிவுக்கு அதோடு வழிகாட்டியும். ஆசிரியர்களின் அறிவு கூடியது, கற்பிக்கும் முறையிலும் கொஞ்சம் மாற்றம் வந்தது. பிள்ளைகளின் மதிப்பெண்ணில் குறிப்பிடத்தக்க மாற்றம் வரவில்லை. வழிகாட்டி இருந்த பிரிவும் அப்படி ஒன்றும் மேலே போகவில்லை. ஆக 49 மணி நேரம், வழிகாட்டி என்று பெட்டிகளை நிரப்பிவிட்டால் பலன் தானாக வந்துவிடாது. வழிகாட்டி யார், எத்தனை முறை வருகிறார், எதைப் பார்க்கிறார், பார்த்ததை யாரிடம் சொல்கிறார் என்பதில்தான் எல்லாம் இருக்கிறது.

கடைசியாகச் சொன்னதுதான் பல இடங்களில் கவிழ்த்துவிடுகிறது. வழிகாட்டியாக வருபவரே உங்கள் ஆண்டு மதிப்பீட்டையும் எழுதுகிறார் என்றால், அவர் வருகிற நாளில் நீங்கள் நன்றாகத் தெரிந்த பாடத்தைத்தான் எடுப்பீர்கள். யார்தான் எடுக்க மாட்டார்கள்? தடுமாறுகிற இடத்தைக் காட்ட வேண்டும் என்றால் மதிப்பெண் போடாத ஒருவர் வர வேண்டும். ஏற்பாட்டில் சேருமுன் இதை வெளிப்படையாகக் கேட்டுவிடுங்கள், கேட்கக் கூச்சமாக இருந்தாலும்.

நூலகருக்கு இந்த வழியில் ஒரு சிக்கல். அவருக்கு வழிகாட்டியாக வரத் தகுதியானவர் இன்னொரு பள்ளி நூலகர், அவர் வேறொரு பள்ளியில் இதே போலத் தனியாக மாட்டிக்கொண்டிருக்கிறார். வாசிப்பு வழிகாட்டி வந்து நூலக வகுப்பைக் கவனித்துவிட்டு, வாசிப்புச் சரளம் பற்றி நல்ல குறிப்புகள் கொடுத்துவிட்டுப் போவார். தேடல் பாடத்தில் பிள்ளைகள் முதல் இணைப்பையே அழுத்திவிட்டு நின்றுவிடுகிறார்கள் என்பது அவர் கண்ணில் படாது.

சக பணியாளர் வட்டம்

இந்தச் சிக்கலுக்கு நான் பார்த்தவரை ஒரே நடைமுறைத் தீர்வு, பக்கத்துப் பள்ளிகளின் நூலகர்கள் நான்கைந்து பேர் மாதம் ஒருமுறை ஒருவர் நூலகத்தில் கூடுவது. ஒவ்வொரு மாதம் ஒரு நூலகம். கேட்க எளிமையாக இருக்கிறது, மூன்றாம் மாதம் அரட்டையாக மாறிவிடுவதும் அதே அளவுக்கு எளிது. அதைத் தடுக்க ஒரு விதி போதும்: அந்த மாதம் விருந்தளிக்கிறவர் உண்மையான ஒரு பொருளை மேசையில் வைக்க வேண்டும். கழிக்கலாமா வேண்டாமா என்று முடிவாகாத 30 புத்தகங்கள். ஒரு பருவத்தின் இரவல் பதிவு. தோற்றுப்போன ஒரு நூலக வகுப்பின் பாடத்திட்டம். மாணவர் ஒருவர் எழுதிய ஆய்வுக் கட்டுரையும் அதற்கு அவர் எடுத்த மூலங்களின் பட்டியலும். பேச்சு அதை விட்டு விலகும்போது யாராவது ஒருவர் கையைப் பிடித்து இழுத்துவர வேண்டும்.

இரவல் பதிவு என்றதும் ஒன்று: மாணவர் பெயர்களை நீக்கிவிட்டுக் கொண்டுபோங்கள். யார் என்ன படித்தார் என்பது அந்தப் பிள்ளைக்கும் நூலகருக்கும் இடையில் இருக்க வேண்டியது.

வாசிப்பு ஆசிரியர்களுக்கு இதே வகையில் நன்கு வளர்ந்த வடிவம் ஜப்பானின் பாட ஆய்வு. சில ஆசிரியர்கள் சேர்ந்து ஒரே ஒரு பாடத்தை நுணுக்கமாகத் திட்டமிடுவார்கள், ஒருவர் எடுப்பார், மற்றவர்கள் வகுப்பில் நின்று கவனிப்பார்கள், பிறகு உட்கார்ந்து பேசுவார்கள். கவனிப்பது ஆசிரியரை அல்ல, பிள்ளைகளை. எந்தக் கேள்வியில் யார் நின்றார்கள், எந்த இடத்தில் பார்வை அலைந்தது. பாடம் எல்லோரும் சேர்ந்து எழுதியது என்பதால் விமர்சனம் எடுத்தவர் தலையில் விழுவதில்லை. அந்த ஒரு ஏற்பாடு, பத்து நம்பிக்கை வளர்ப்பு விளையாட்டுகளைவிட அதிகம் செய்கிறது.

செலவு என்று பார்த்தால் இந்த இரண்டும் கிட்டத்தட்ட இலவசம். வகுப்பைப் பார்த்துக்கொள்ள ஆள் வேண்டும், அவ்வளவுதான். குறை என்ன என்றால், வட்டத்தில் இருப்பவர்களுக்கு யாருக்குமே தெரியாத விஷயம் வட்டத்துக்குள் தானாக வராது. ஐந்து பேரும் சேர்ந்து ஒரு பழைய தவறை இன்னும் உறுதியாகப் பிடித்துக்கொள்ளவும் முடியும்.

நீண்ட படிப்பு, கூடவே உள்ளடக்கம் என்ற தலைவலி

இதுவரை வடிவத்தைப் பற்றித்தான் பேசினேன். வடிவம் எவ்வளவு நன்றாக இருந்தாலும் உள்ளே இருப்பது தவறாக இருந்தால்?

நியூசிலாந்தின் மேரி கிளே 1970களில் உருவாக்கிய ரீடிங் ரெக்கவரி திட்டத்தின் ஆசிரியர் பயிற்சி, வடிவத்தில் எனக்குத் தெரிந்தவற்றில் மிகச் சிறந்தது. ஒரு வருடம் நடக்கும். ஒருவர் ஒரு பிள்ளைக்குப் பாடம் எடுக்க, மற்ற ஆசிரியர்கள் ஒருவழிக் கண்ணாடிக்கு அந்தப் பக்கம் இருந்து பார்த்துக்கொண்டே விவாதிப்பார்கள். நேரம் இருக்கிறது, கவனிப்பு இருக்கிறது, சகாக்கள் இருக்கிறார்கள், மேலே நான் கேட்ட எல்லாம் இருக்கிறது. ஆனால் சூழலையும் படத்தையும் வைத்துச் சொல்லை ஊகிக்கவைக்கிற அதன் அணுகுமுறை வெகுகாலமாக விமர்சனத்தில் இருக்கிறது. அமெரிக்காவில் இதே திட்டம் முதல் வகுப்பில் நல்ல பலன் காட்டியது; அதையே தொடர்ந்து பார்த்து 2022இல் வெளியான ஆய்வில், அதில் இருந்த பிள்ளைகள் 3, 4ஆம் வகுப்புகளில் ஒப்பீட்டுக் குழுவைவிடக் குறைந்த மதிப்பெண் எடுத்திருந்தார்கள். அந்த ஆய்வின் முறையைக் கேள்வி கேட்டவர்களும் உண்டு. எப்படியானாலும், பயிற்சி நன்றாக நடந்தது என்பது பயிற்சியில் சொன்னது சரி என்பதற்குச் சான்று ஆகாது.

நூலகர் பக்கமும் இதே கதை உண்டு. இணையதளம் நம்பகமானதா என்று பார்க்க 'கிராப் சோதனை' என்று ஒரு பட்டியல் 2004இல் கலிஃபோர்னியாவின் சீக்கோ பல்கலைக்கழக நூலகத்தில் உருவானது. புதியதா, பொருந்துகிறதா, எழுதியவர் யார், துல்லியமா, நோக்கம் என்ன என்று அந்தப் பக்கத்தையே உற்றுப் பார்த்து டிக் போடுவது. இன்றும் பல பயிற்சிகளில் இதுதான் கையில் கொடுக்கப்படுகிறது. 2017இல் ஸ்டான்ஃபோர்டின் சாம் வைன்பர்க்கும் சாரா மக்ரூவும், வரலாற்றாசிரியர்கள் 10 பேர், தொழில்முறைத் தகவல் சரிபார்ப்பாளர்கள் 10 பேர், மாணவர்கள் 25 பேர் இணையத்தில் எப்படிப் படிக்கிறார்கள் என்று பார்த்தார்கள். மாணவர்களும், பல வரலாற்றாசிரியர்களும்கூட, பக்கத்துக்குள்ளேயே நின்று சின்னத்தையும் பெயரையும் பார்த்து ஏமாந்தார்கள். சரிபார்ப்பவர்கள் அந்தப் பக்கத்தில் தங்கவே இல்லை. உடனே வேறு தாவல்களைத் திறந்து, இவர்கள் யார் என்று மற்றவர்கள் என்ன சொல்கிறார்கள் என்று பார்த்தார்கள், குறைந்த நேரத்தில் சரியான முடிவுக்கு வந்தார்கள். தகவல் அறிவுப் பயிற்சி ஒன்றில் சேருமுன் பாடத்திட்டத்தை வாங்கிப் பாருங்கள். பக்கத்துக்குள் தேடும் பட்டியல் மட்டும்தான் இருக்கிறது, வெளியே போய்ச் சரிபார்ப்பது இல்லை என்றால், அது எத்தனை மணி நேரம் ஆனாலும் வேண்டாம்.

இன்னொரு கவலை மொழி. வாசிப்புப் பயிற்சிகளில் பெரும்பாலானவை ஆங்கிலத்தை மனதில் வைத்து எழுதப்பட்டவை. எழுத்துக்கும் ஒலிக்கும் உள்ள உறவில் ஆங்கிலம் ஒரு விதிவிலக்கு. 2003இல் சீமோரும் உடனிருந்தவர்களும் 13 ஐரோப்பிய எழுத்துமுறைகளை ஒப்பிட்டபோது, முதல் வகுப்பு முடிவில் பெரும்பாலான மொழிகளில் பிள்ளைகள் எளிய சொற்களை ஏறக்குறையத் தவறின்றிப் படித்தார்கள்; ஆங்கிலத்தில் சரியாகப் படித்தவை 34 சதவீதம். அப்படியானால் ஆங்கிலத்துக்காக இரண்டு வருடம் நீட்டிச் சொல்லும் பாடம், எழுத்துமுறை சீராக இருக்கும் மொழிக்கு அப்படியே பொருந்தாது. தமிழ் போன்ற மொழியில் சிரமம் வேறு இடத்தில்: நூற்றுக்கணக்கான உயிர்மெய் வடிவங்களைக் கண்ணுக்குப் பழக்குவது, அப்புறம் பேச்சுக்கும் எழுத்துக்கும் உள்ள தூரம். சான்றிதழ் வழங்கும் நிறுவனத்திடம் 'இதில் எவ்வளவு எந்த மொழிக்கும் பொருந்தும், எவ்வளவு ஆங்கிலத்துக்கு மட்டும்?' என்று கேளுங்கள். பதில் சொல்லத் தெரியாதவர்களிடம் ஒரு வருடத்தைக் கொடுக்காதீர்கள்.

பட்டம், பட்டயம் பற்றி ஒரு வரி: சம்பள உயர்வுக்கோ பணித்தகுதிக்கோ தேவை என்றால் செய்யுங்கள், அந்தக் காரணத்தை ஒத்துக்கொண்டே செய்யுங்கள். திங்கட்கிழமை வகுப்புக்கு அது உதவும் என்ற எதிர்பார்ப்பில் அல்ல.

நானாக இருந்தால்

புதிதாக வேலையில் சேர்ந்த நூலகர் என்றால் முதல் வருடம் மென்பொருளுக்கும் பட்டியலாக்கத்துக்கும் குறுகிய பயிலரங்கு, உடனடியாக ஒரு மூத்த பள்ளி நூலகரின் தொலைபேசி எண், இரண்டே போதும். மாநாடு காத்திருக்கட்டும். பத்து வருடம் ஆனவர் என்றால் தலைகீழ்: செய்முறை எல்லாம் கையில் இருக்கிறது, பழகிப்போன தவறுகளும் இருக்கின்றன, வெளியே போய்ப் புதிய ஆட்களைப் பார்ப்பதும், வட்டம் ஒன்றை நடத்துவதும் அவருக்குத்தான் அதிகம் தேவை.

வாசிப்பு ஆசிரியருக்கு என் வரிசை: மதிப்பீடு செய்யாத வழிகாட்டி கிடைத்தால் அதுவே முதலில். கிடைக்காவிட்டால், பெரும்பாலும் கிடைக்காது, சக ஆசிரியர்களோடு பாட ஆய்வு, அதற்கு உள்ளடக்கம் ஊட்ட ஒரு நல்ல இணையப் படிப்பு. படிப்பை நான்கு பேரும் சேர்ந்து எடுத்து, வாரம் ஒரு பகுதி என்று வைத்துக்கொண்டால் 3 சதவீதத்தில் இருக்கிற வாய்ப்பு கூடும்.

இருவரும் ஒரே பள்ளியில் இருந்தால் இன்னொரு வழி இருக்கிறது, பலரும் யோசிப்பதில்லை. நூலகரும் ஒரு வாசிப்பு ஆசிரியரும் இணையாக ஒரே பயிற்சிக்குப் போவது. வேறு வேறு பயிற்சிக்குத் தனித்தனியாகப் போய் இரண்டு சான்றிதழ் கொண்டுவருவதைவிட இது மேல், ஏனென்றால் திரும்பி வந்ததும் கவனிக்க ஆள் தயாராக இருக்கிறார். ஆசிரியர் சொல்வளப் பாடம் எடுக்கும்போது நூலகர் பின்னால் நின்று பார்க்கலாம், நூலகரின் தேடல் வகுப்பை ஆசிரியர் பார்க்கலாம். ஒருவர் துறை இன்னொருவருக்கு முழுதாகத் தெரியாது என்பது இங்கே பெரிய குறையில்லை. பிள்ளைகள் எங்கே தொலைந்துபோகிறார்கள் என்று பார்க்க இருவருக்குமே தெரியும்.

தலைமையாசிரியரிடம் கேட்கும்போது 'பயிற்சிக்கு அனுப்புங்கள்' என்று கேட்காதீர்கள், ஒரு நாள் பயிலரங்கின் படிவம்தான் கைக்கு வரும். மாதம் இரண்டு மணி நேரம், பத்து மாதம், இந்த வகுப்பை இவர் பார்த்துக்கொள்வார் என்று ஆளையும் நேரத்தையும் எழுதிக் கொண்டுபோங்கள். மொத்தம் 20 மணி நேரம்தான், மூன்று நாள் பயிலரங்குக்கு ஆகிற அளவு. மறுத்தால், அந்த மூன்று நாளில் எதை விட்டுக்கொடுக்கலாம் என்ற கணக்கை அவர் முன்னாலேயே போட்டுக் காட்டுங்கள்.